ஏழாவது ஆட்டம்

2018 என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை நேற்று மீண்டும் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

இடைவேளையில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 54-43 என முன்னிலை. ஆனால் இரண்டாம் கால்பகுதியிலிருந்தே ராக்கெட்ஸின் மூன்று புள்ளி எறிதல்கள் (தொலைவிலிருந்து எறிபவை) தவறத் தொடங்கிவிட்டன, அடுத்தடுத்து 27! எதிரணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 101-92 என வென்றது.

துரதிர்ஷ்டம் என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். ஐந்தாவது ஆட்டத்தில் ராக்கெட்ஸ் வீரர் கிறிஸ் பாலுக்குத் தொடைத் தசை காயமானதும் முழுச் சுமையும் சக வீரர் ஹார்டன் தோளில் விழுந்தது. வாரியர்ஸின் டுராண்டைத் துரத்தித் தடுத்த ராக்கெட்ஸின் அரீசா, ஒன்பது முறை தொலைவிலிருந்து எறிந்தார், ஒன்றும் விழவில்லை. தவறு கையில் இல்லை, கால்கள் ஓய்ந்துவிட்டன. கிறிஸ் பால் மட்டும் ஆடியிருந்தால்! அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை இன்றும் பார்க்க முடியவில்லை.