பாலாற்று மணலில் பாத்திரத் தண்ணீரை ஊற்றாதீர்கள்

வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து ஊர் சுற்றுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகமாகிவிட்டார்கள். கேரவன் என்று சொந்தமாக வாங்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, சின்னதாக ஒரு சிங்க் எல்லாம் போட்டுக்கொண்டு ஏலகிரி, ஜவ்வாது மலை, அமிர்தி என்று கிளம்புகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து வைத்திருப்பதும் அப்படி ஒரு வண்டிதான். எங்கே நிறுத்தினால் நிழல் கிடைக்கும், எந்த பங்க்கில் நல்ல தண்ணி பிடிக்கலாம், இதையெல்லாம் எல்லாரும் பேசுகிறோம். கழுவின தண்ணி எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

போவது பெரும்பாலும் பாலாற்றுக்குத்தான். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வெறும் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். யாருக்கும் சொந்தமில்லாத பொட்டல் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டி, அடியில் இருக்கிற தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். மேலே தண்ணி இல்லையே தவிர, பாலாறு மணலுக்குக் கீழே இருக்கிறது. கரையோர ஊர்கள் காலங்காலமாகக் குடித்தது அந்த மணலில் இறக்கின கிணற்றுத் தண்ணிதான், காவிரித் தண்ணி குழாயில் வந்த பிறகும் அந்தக் கிணறுகளை யாரும் மூடிவிடவில்லை. நல்ல மண்ணில் ஊற்றினால் மேல்மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் சோப்பையும் எச்சிலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துவிடும். அதற்கு நேரம் வேண்டும். மணலில் அந்த நேரம் கிடைக்காது, ஊற்றினது சர்ரென்று இறங்கி நேராகக் கிணற்றுப் பக்கம் போய்விடும்.

தண்ணி கெட்டுப் போனால் என்ன ஆகும் என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன, அந்தக் கழிவு நிலத்திலும் ஆற்றிலும் போய் என்ன செய்தது என்பதைப் பார்த்துத்தான் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. தோல் தொழிற்சாலை இருக்கிற பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்திருந்தது, அந்தக் கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவை என்று நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். இன்றைக்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற முக்கியமான வழக்குகளில் நம்ம ஊர் பெயரில் இருக்கிற இதுவும் ஒன்று.

தோல் தொழிற்சாலைக் கழிவும் என் வண்டித் தொட்டியில் இருக்கிற 40 லிட்டரும் ஒன்றில்லை, சரி. ஆனால் நிலத்தைக் கெடுக்கிற சங்கதி இரண்டிலும் ஒன்றுதான்: உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டுக் கட்டுவார்கள், அந்த உப்பு ஊறவைக்கிற தண்ணியோடு வெளியே வந்து கிணறுகளில் ஏறியது. நாம் துணிக்குப் போடுகிற பவுடரிலும் சலவைச் சோடா இருக்கிறது, அதன் சோடியம் களிமண்ணில் சேரச் சேர மண் இறுகித் தண்ணியை உள்ளே வாங்காமல் பாளமாகிவிடும். அதனால் வண்டியில் டிடர்ஜென்ட் பவுடரே வைத்துக்கொள்ளாதீர்கள். பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணி, தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு, இவை போதும். எண்ணெய்ச் சட்டியை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்துவிட்டால் சோப்பும் பாதிதான் செலவாகும், தண்ணியும்தான்.

சிங்க் தண்ணியை எங்கே கொட்டினாலும் வடிகட்டாமல் கொட்டாதீர்கள். பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்து பக்கெட் வாயில் கட்டி, அதன் மேல் தொட்டியைத் திறந்துவிடுங்கள். சோற்றுப் பருக்கை, தாளித்த கடுகு, கறிவேப்பிலை, புளிச்சக்கை, தலைமுடி எல்லாம் துணியில் தங்கிவிடும். அதைக் குப்பையோடு கட்டி ஊருக்கு எடுத்து வந்துவிடலாம். அதுவே தரையில் கிடந்தால் ராத்திரிக்குள் எலி வரும், நாய் வரும், மலைப்பக்கம் என்றால் பன்றியும் வரும், அடுத்து அங்கே வந்து நிறுத்துகிறவர்கள் பாடு கஷ்டம். இன்னொன்று, நம் ஊர் வெயிலில் இந்தத் தண்ணி தொட்டியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மறுநாள் மூடியைத் திறந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். அதனால் தினமும் காலி செய்ய இடம் பார்த்துக்கொண்டுதான் பயணத்தையே போட வேண்டும்.

அந்த இடத்தை எப்படிப் பிடிப்பது? கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான். ஒடுகத்தூர் பக்கம் ரோட்டோரம் ஒரு நிலத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த பாட்டியிடம், “ஆயா, பாத்திரம் கழுவின தண்ணி இருக்குது, இங்க ஊத்தலாமா?” என்று கேட்டேன்.

“சோப்பு போட்டதா?”

“கொஞ்சம் போட்டிருக்குது ஆயா.”

“அப்ப கீரைகிட்ட வராத கண்ணு. அதோ தென்ன இருக்குது பாரு, அது அடியில ஊத்து. அரிசி களைஞ்ச தண்ணி தனியா வச்சிருந்தியானா இப்பிடிக் குடு, மாட்டுக்கு வைக்கிறேன்.”

அந்த ஆயா சொன்னதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. கழனித் தண்ணியைச் சோப்புத் தண்ணியோடு கலக்காமல் தனிப் பாத்திரத்தில் பிடித்து வைத்தால் எந்த ஊரிலும் யாராவது ஒருத்தர் மாட்டுக்கு வாங்கிக்கொள்வார்கள். சோப்புத் தண்ணியைத் தென்னை, வாழை, கல்வாழைக்கு விடலாம். கீரைக்கும் கிழங்குக்கும் பச்சையாகத் தின்கிற எதற்கும் விடக் கூடாது. ஒரே இடத்தில் குட்டையாகத் தேங்கவிடாமல், பக்கெட் பக்கெட்டாக விரவி ஊற்ற வேண்டும், தேங்கினால் கொசு. கிணறு, ஓடை, ஏரி இவற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஏலகிரியில் புங்கனூர் ஏரி பள்ளத்தில் இருக்கிறது, மேட்டில் வண்டியை நிறுத்தி வால்வைத் திறந்தால் அது எங்கே போகும் என்று சரிவைப் பார்த்தாலே தெரியும். மூலிகை சோப்பு, எளிதில் மட்குகிற சோப்பு என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி ஓடையிலேயே கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மட்குவதற்கும் மண்தான் வேண்டும்.

கக்கூஸ் தொட்டி விஷயம் தனி. அதை எந்த நிலத்திலும், எந்த மழைநீர்க் கால்வாயிலும் கொட்டக் கூடாது, தென்னைக்கும் கூடாது. வண்டிக் கக்கூஸிலிருந்து தனியாகக் கழற்றி எடுத்துச் செல்கிற தொட்டி, கேசட் என்பார்கள், 20 லிட்டர் அளவில் வரும், அதைக் கழிவறைக் கோப்பையில் மெதுவாகச் சாய்த்து நிறைய தண்ணி விட வேண்டும். பங்க்கிலோ லாட்ஜிலோ காலி செய்வதாக இருந்தால் இன்னது என்று சொல்லிவிட்டு, கழுவி விடுகிற அக்காவுக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு, சிந்தினதை நீங்களே துடைத்துவிட்டு வாருங்கள். வாஷ் பேசினில் கவிழ்த்துவிட்டு ஓடுகிறவர்களால்தான் ஒரு பங்க்கில் இப்போது எங்களை மாதிரி வண்டிகளைப் பார்த்தாலே கழிவறையைப் பூட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொட்டியில் ஊற்றுகிற நீல மருந்தை வாங்கும்போதும் பாருங்கள், ஃபார்மால்டிஹைடு கலந்தது என்றால் வேண்டாம். நாற்றத்தைக் கொல்கிற அதே மருந்து செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கிற பாக்டீரியாவையும் கொல்லும், சின்ன லாட்ஜின் டேங்க் அதைத் தாங்காது. நொதி வகை மருந்து கிடைக்கிறது. சிறுநீரைத் தனியாகப் பிரித்து, மற்றதன் மேல் தென்னை நார்க்கழிவைப் போட்டு மூடி வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது, நாற்றமே இல்லை.

ஏலகிரி, அமிர்தி இரண்டு இடத்திலும் வண்டி நிறுத்தக் காசு வாங்குகிறார்கள். கிராமங்களில் ஊராட்சியே தெருக்குழாய் ஓரம் உறிஞ்சுகுழி கட்டுகிறது, கல்லும் சல்லியும் மணலும் போட்டால் முடிந்தது, பெரிய செலவில்லை. அதே குழி ஒன்றை வண்டி நிறுத்துகிற இடத்தின் மூலையில், கிணற்றுக்குத் தள்ளி, வடிகட்டிக் கூடையோடு கட்டிக்கொடுத்து, நிறுத்தக் கட்டணத்தோடு ஐம்பதோ நூறோ கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஊராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் வண்டி கொண்டுபோகிறவர்கள் நீங்களும் ஒரு மனு போடுங்கள். அது வருகிற வரைக்கும் வால்வு மூடியை இறுக்கிப் பூட்டி, சொட்டுகிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.