யானைக்கு வலிக்கும்

போன வருடம், மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு ஒன்றே முக்கால் மணிக்கு, சமையலறையில் நின்றுகொண்டு ஒரு யானையின் தும்பிக்கையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் விழுந்துவிடும். எடுக்காமல் எவ்வளவு நேரம்தான் நிற்பது? தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், "ஏன் பச்சையா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த யானை கேக் ஏன் பச்சையாக இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். வெண்ணெய்க்கென்று ஒரு மஞ்சள் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கறுப்பு ஜெல் கலரைக் கலந்தால் சாம்பல் நிறம் வராது, பாசி பிடித்த தொட்டிச் சுவர் மாதிரி ஒன்று வரும். முதலில் ஊசிமுனை அளவு ஊதாவைத் தொட்டு மஞ்சளை அடக்க வேண்டும், வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்த அந்தப் பட்டர்கிரீம் வெளுத்த பிறகுதான் கறுப்பு. அதையும் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிறம் நேரம் ஆக ஆகத்தான் அடர்த்தியாகும். நான் பொறுமையில்லாமல் மேலும் மேலும் சேர்த்ததில் காலையில் யானை கறும்பச்சையாகிவிட்டது. இன்னொன்றும் அப்புறம்தான் உறைத்தது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், உடம்புச் சூடோ 37 டிகிரி. தும்பிக்கை விழாமல் இருக்க நான் பிடித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கைதான் அதை உருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் பார்ப்பது கணக்கு வேலை. கேக் கலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்று யோசித்தால், ஒரே நாளில் வரவில்லை, ஒவ்வொரு வருடமும் ஒரு படி ஏறித்தான் வந்திருக்கிறேன்.

முதல் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்கு கேக் ஆர்டர் கொடுத்தோம். மேலே மேகம், மேகத்தில் நிலா, நிலாவில் தூங்கும் கரடி. அதை வெட்டும்போது மகளும் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரும்பாலானவர்களுக்கு வளர்ந்த பிறகு மிஞ்சும் மிகப் பழைய நினைவே மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதுதான் என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே அந்தக் கரடி அவள் நினைவில் இருக்க வழியே இல்லை. எனக்கு மட்டும் அதன் காது வரைக்கும் நினைவிருக்கிறது, படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்பதும்தான். இரண்டாவது வருடம் தொற்றுக் காய்ச்சல், தப்பித்தோம். மூன்றாவது வருடம் "நாமே செய்தால் என்ன" என்ற எண்ணம் வந்தது, சிக்கனம் என்று வேறு சொல்லிக்கொண்டேன். சுழலும் தட்டு, கிரீம் பூசும் வளைந்த கத்தி, கிரீம் பிழியப் பன்னிரண்டு நாசில், நான்கு அளவில் தகரத் தட்டுகள் என்று வாங்கிச் சேர்த்த பிறகு அந்தச் சிக்கனத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோதும் பிறந்தநாள் படங்கள் எடுத்தார்கள். அவை ஆல்பத்தில் ஒட்டி அலமாரிக்குள் போய்விடும். எப்போதாவது வீட்டுக்கு வரும் உறவினர் பத்துப் பேர் பார்ப்பார்கள், அவர்களும் கேக்கைப் பார்க்க மாட்டார்கள், "அட, எவ்வளவு ஒல்லியா இருந்த" என்பார்கள். இன்ஸ்டாகிராமும் பின்டெரெஸ்டும் வந்தது 2010இல். அதற்கு அப்புறம் பெற்றோரானவர்களுக்குப் போட்டி அடுத்த வீட்டோடு இல்லை, இதையே தொழிலாகச் செய்பவர்களோடு. பத்து வருடம் சர்க்கரைப் பூ செய்து கைபழகிய ஒருவர், குளிரூட்டிய அறையில், நல்ல வெளிச்சத்தில், எந்தக் குழந்தையும் காலைக் கட்டிக்கொண்டு அழாத நேரத்தில் செய்ததை நாற்பது நொடியில் ஓடவிட்டுக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை மாலை நாமும் மாவு சலிக்கத் தொடங்குகிறோம்.

அதைவிட மோசம் எங்கள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸாப் குழு. யாரும் யாரையும் எதுவும் செய்யச் சொல்வதில்லை, அதுதான் விசேஷம். ஒரு அம்மா மூன்று அடுக்கில் கடல்கன்னிக் கோட்டை செய்து, செதில் செதிலாக ஒட்டி, "இந்த வருஷம் நேரமே இல்லப்பா, சிம்பிளா முடிச்சுட்டேன்" என்று படம் போடுவார். கீழே இதயங்கள் குவியும். நானும் ஒன்று போடுவேன். போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்து, எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணுவேன். இப்போது யோசித்தால், அந்த அம்மாவும் இரவு இரண்டு மணிக்கு எதையாவது தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார். அந்தப் படத்தை யாரும் போடுவதில்லை, நானும் போடவில்லை.

ஒரு கடுப்பையும் சொல்லிவிடுகிறேன். அதே குழுவில் ஒரு அப்பா ஒருமுறை கேக் செய்தார். நாய்க்குட்டி என்று சொன்னார், நாங்களும் நம்பினோம். ஒரு கண் நெற்றியில் இருந்தது. "சூப்பர் டாடி", "அன்புதான் முக்கியம்" என்று பாராட்டு மழை. அதே கேக்கை ஓர் அம்மா செய்திருந்தால் "பாவம், வேலைக்குப் போறாங்க இல்ல" என்றிருப்பார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார். நான் ஏன் சிரிக்காமல் செய்கிறேன் என்பதுதான் என் கோபம்.

சரி, யானைக்கு வருகிறேன். பொம்மை வடிவத்தில் செதுக்கும் கேக் ஏன் அவ்வளவு சுவையாக இருப்பதில்லை என்று பலர் யோசித்திருப்பீர்கள். காரணம் சுலபம். மெத்தென்று இருக்கும் நல்ல ஸ்பாஞ்சைக் கத்தியால் செதுக்க முடியாது, உதிரும். மேலே கனம் ஏற்றினால் அமுங்கும். அதனால் கெட்டியான, இறுக்கமான கேக் வேண்டும். அதையும் முன்கூட்டியே சுட்டு, குளிர வைத்து, செதுக்கி, உதிரும் துகள்களை அடக்க மெல்லிசாக ஒரு பூச்சு, திரும்பக் குளிர வைத்து, அப்புறம் மேல்பூச்சு என்று இரண்டு நாளாவது ஓடும். அடுக்கு கேக் என்றால் உள்ளே தாங்கு குச்சிகள் நட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் அட்டை வைக்க வேண்டும், கிட்டத்தட்டக் கட்டட வேலை. மேலே ஃபாண்டன்ட் போர்த்துகிறவர்கள் கதை தனி. சர்க்கரைத் தூள், குளுக்கோஸ், ஜெலட்டின், கிளிசரின் எல்லாம் சேர்த்துப் பிசைந்த அந்தப் போர்வை பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வியர்த்துக் கொட்டும். தின்னும்போது குழந்தைகள் செய்வது ஒன்றுதான்: அதைத் தோல் உரிப்பது மாதிரி உரித்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிடுவார்கள். விருந்து முடிந்த பிறகு தட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ ஒருவருடைய இரண்டு இரவுத் தூக்கம் ஓரமாகச் சுருண்டு கிடக்கும்.

யானைக்குத் தங்கக் கிரீடம் வைக்க ஒரு மினுமினுப்புத் தூள் வாங்கியிருந்தேன். போடவில்லை, நல்லவேளை. டப்பாவில் நச்சற்றது என்று இருந்தது, சாப்பிடலாம் என்று எங்கும் இல்லை. இரண்டும் ஒன்று என்றே அதுவரை நினைத்திருந்தேன். 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இப்படி ஒரு தூள் போட்ட பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டு ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சோதித்துப் பார்த்தால் அந்தப் பூச்சில் தாமிரம். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. சாப்பிடுவதற்கென்று செய்த தூள் என்றால் டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். பட்டியல் இல்லையா, அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாயில் போகும் எதன்மேலும் தூவாதீர்கள்.

விருந்து நாள். தும்பிக்கைக்குள் ஒரு குச்சியைச் செருகி, அடியில் ஒரு பெரிய மிட்டாயை முட்டுக்கொடுத்து, ஒருவழியாக நிற்க வைத்துவிட்டேன். வந்தவர்களிடம், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, "கொஞ்சம் சாஞ்சிடுச்சு, கலர் சரியா வரல" என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்பு கேட்டேன். எதற்கு என்று தெரியவில்லை, வாய் தானாகவே சொன்னது. மெழுகுவர்த்தி ஏற்றினோம், ஊதினாள். வீடியோ சரியாக விழவில்லை என்று மறுபடி ஏற்றினோம். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள் என்று மூன்றாவது முறை. மெழுகுவர்த்தி ஊதிய ஐசிங்கில் பாக்டீரியா சராசரியாக 1400 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் அவர்கள் மூன்று முறை ஊத வைத்துப் பார்த்தார்களா என்ன.

அப்புறம் கத்தியை அவள் கையில் கொடுத்தேன்.

கத்தியைப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்கத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. "யானைக்கு வலிக்கும்" என்றாள். கேக்தான் கண்ணா, மாவுதான் என்று நானும், உள்ளே கிரீம்தான் இருக்கு பார் என்று வீட்டுக்காரரும் மாறி மாறிச் சொன்னோம். உள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சு அவளுக்கு இன்னும் பயத்தைத்தான் கூட்டியது. பின்னால் நின்ற இரண்டு சிறுவர்களும் அழத் தொடங்கினார்கள். இன்னொரு பையன் மட்டும் "எனக்குக் காது வேணும்" என்று கத்திக்கொண்டிருந்தான், அவன் பெரிய ஆளாக வருவான். இரண்டு நாள் மாங்கு மாங்கென்று உழைத்து, ஓர் உயிருள்ள மிருகம் மாதிரியே இருக்க வேண்டும் என்று கண்ணுக்கு இமை வரைக்கும் வைத்துவிட்டு, ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கத்தியைக் கொடுத்து எல்லோர் முன்னாலும் குத்தச் சொன்னது நான்தான்.

கடைசியில் என் மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். கேக்கைத் திருப்பி வைத்து, யானையின் முகம் சுவரைப் பார்க்கும்படி செய்து, பின்பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுத்தார். தலை மட்டும் மிச்சம். அதை வெட்டவோ எறியவோ மகள் சம்மதிக்கவில்லை. நான்கு நாள் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பச்சையாக என்னைப் பார்த்தது. ஐந்தாவது நாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அப்புறப்படுத்தினேன். காட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. அவள் யானை கேக் கேட்டது உண்மை. கேட்டபோது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் யானையை வைத்திருந்தாள், அதைத் தூக்கிக் காட்டித்தான் கேட்டாள். அதைக் கழுவி கேக்மேல் நிற்க வைத்திருந்தால் போதும், வேலை ஒரு நிமிடம். அந்த நேரத்தில் நான் அவள் கையைப் பார்க்கவில்லை. ஃபோனில் யானை கேக் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஆறு வயது. போன வாரம், ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த வருஷம் என்ன கேக் வேணும் என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தாள்.

"யாருமே இல்லாத கேக்" என்றாள்.

என்ன கலர் என்று கேட்டேன்.

"கேக் கலர்."