குப்பனூர்ப் பக்கம் ஒரு நாட்டு ஓட்டு வீடு

ஏற்காட்டுக்கு எல்லாரும் போகிற அடிவாரம் ரோட்டை விட்டுவிட்டு, அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியாக ஏறுவதுதான் எனக்குப் பிடிக்கும். அடிவாரம் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, ஞாயிற்றுக்கிழமையானால் ஒவ்வொன்றிலும் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும். இந்த முறை மலை தொடங்கும் முன்பே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நண்பனுடைய ஆயா வீடு அங்கேதான், எட்டிப் பார்க்காமல் போனால் சும்மா விடமாட்டார்.

மண் சுவர், நாட்டு ஓடு, முன்னால் திண்ணை, உள்ளே நடுவில் வானம் தெரிகிற தொட்டி (முற்றம்), சுற்றித் தாழ்வாரம். வெளியே வெயில் கொளுத்துகிறது, ஆசாரத்தில் (உள்கூடத்தில்) ஃபேன் இல்லாமலே உட்கார முடிகிறது. அண்ணாந்து பார்த்தால் பனஞ்சட்டமெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. இத்தனை வருஷ விறகடுப்புப் புகை. அந்தப் புகைதான் பூச்சி அரிக்காமல் காப்பாற்றியது என்கிறார் ஆயா. கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கு விறகுதான் எரிக்கிறார்.

மழையில் ஒழுகுமா என்று கேட்டேன். "மழை என்ன பண்ணும் கண்ணு, கொரங்குதான்" என்றார்.

அது நிஜம். மலையடிவாரத்தில் குரங்குக் கூட்டம் ஒரு தடவை கூரை மேல் ஓடினால் நாட்டு ஓடு சரிந்து இடைவெளி விழுந்துவிடும், அது வழியாகத் தண்ணீர் சட்டத்தில் இறங்கும், சட்டம் உளுக்கும். அதனால் வருஷா வருஷம் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளிவிட்டு, மறுபடி வேய வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், புது நாட்டு ஓடு சுடுகிறவர்களும் அபூர்வம். எங்காவது பழைய வீடு இடித்தால் போய் ஓடு வாங்கி வருகிறார்கள். ஒரு வீடு பிழைக்க இன்னொரு வீடு சாக வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் பலர் சலித்துப்போய் தகர ஷீட் போட்டுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் குறை சொல்வது சிமெண்டைத்தான். பின்கட்டுச் சுவரில் ஓரிடம் உதிர்கிறதென்று யாரோ ஒரு மேஸ்திரி சிமெண்ட் பூசியிருக்கிறார். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே போய்விடும். சிமெண்ட் அதை விடாது. உள்ளேயே ஊறி, பூச்சு பாளம் பாளமாக மண்ணையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. மணலோடு சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசுவதற்கு நாள் பிடிக்கும், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாது.

மேலே ஏற்காட்டில் வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பங்களாக்களைப் படம் எடுக்காத ஆள் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி கொண்டுவந்த கதையும் எல்லாருக்கும் தெரியும். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஆணையம் அமைக்க 2012-ல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றினார்கள். ஆனால் கலெக்டரும் துரையும் தங்காத இந்த மாதிரி வீடுகள் எந்தப் பட்டியலில் வரும்? வந்தாலும் கூரை மேல் ஏறப்போவது வீட்டுக்காரர்கள்தான்.

பேரன்கள் ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்கிறார்கள். ஆயாவுக்கு இஷ்டமில்லை, குளியலறைக்காகத் தொட்டியை மூடிவிடுவார்களோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு, ஆனால் வருமானம் இல்லாமல் ஓடு வேய்கிற கூலி யார் கொடுப்பது?

சித்திரையில் ஓடு பிரிக்கிறார்களாம், வர்றியா என்று நண்பன் கேட்டிருக்கிறான். சட்டத்தின் மேல் கால் வைக்கத் தெரியாதவர்களுக்கு, கீழே நின்று ஓடு வாங்கி அடுக்குகிற வேலையாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.