ஒரே சரிவு, ஏழு பீப்பாய்

அக்டோபர் 7, 2022, வெள்ளி

காலை ஆறு மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு டண்டி மலைச் சரிவில் நிற்கிறோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கு. ஒயினுக்குத் திராட்சை பறிக்க வந்தவர்கள் மெக்சிகோக்காரர்கள். வாளிக் கணக்கில் கூலி என்பதால் நடையே கிடையாது, ஓட்டம்தான். நான் ஒரு வாளி நிரப்புவதற்குள் பக்கத்து வரிசைக்காரர் ஐந்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்.

இந்தத் திராட்சை ரகம் பினோ நுவார்; குலை உள்ளங்கைக்குள் அடங்கும். பைன் கூம்பு மாதிரி நெருக்கமாக இருக்கும்; பெயரே அதிலிருந்துதான். ஏப்ரல் பனியில் முதல் மொட்டுகள் பல கருகின. பின்னால் வந்த இரண்டாம் மொட்டுகளும் காய்த்ததால் தப்பித்தோம். மொத்தம் மூன்று டன், சர்க்கரை 23.5 பிரிக்ஸ், அதாவது சாற்றின் எடையில் நூற்றுக்குச் சுமார் 23.5 பங்கு.

மண் ஜோரி. எரிமலைப் பாறை மட்கி உண்டான செம்மண். வேட்டியில் பட்டால் போகவே போகாத ரகம். என் ஜீன்ஸும் போச்சு.

அக்டோபர் 11

இரண்டு தொட்டிகள். ஒன்றில் காம்பை முழுக்க நீக்கிவிட்டோம். மற்றதில் மூன்றில் ஒரு பங்கு குலையாகவே கிடக்கிறது. நான்கு நாளாகக் குளிரில் ஊறியும் சாறு ரோஜாப்பூ நிறத்தைத் தாண்டவில்லை. இதன் தோல் மெல்லியது, சாயம் குறைவு. ஈஸ்ட் எதுவும் சேர்க்கவில்லை. தோலிலும் கூடத்திலும் இருப்பதே போதும் என்கிறார் முதலாளியம்மா. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அக்டோபர் 16

பொங்கிவிட்டது! வெளியே கோடை மாதிரி வெயில், தொட்டிக்குள் 31 டிகிரி. மேலே மிதக்கும் தோலை ஒரு நாளைக்கு மூன்று முறை கழியால் அமுக்குகிறேன். முதல் அமுக்குக்கு அசையாது, உடம்பு எடையையே போட வேண்டும். அப்புறம் 'பொளக்' என்று உடைந்து ஊதா நுரை மேலே வரும். நேற்று அந்த வாசனைக்கு ஆசைப்பட்டு முகத்தை உள்ளே நீட்டினேன். கரியமில வாயு மூக்கில் ஊசி போலக் குத்தியது, மூச்சே நின்றுவிட்டது. இனி அந்த விளையாட்டு இல்லை.

அக்டோபர் 21

கடைசியில் மழை. வெளிவேலை இல்லை. 1966இல் டேவிட் லெட் பினோ நுவாரை நட்டது இந்த மலையில்தான். அவருடைய 1975 ஒயின், 1980இல் பிரான்ஸில், பர்கண்டியின் போன் நகரத்தில் நடந்த போட்டியில் 0.2 புள்ளியில் முதலிடத்தைத் தவறவிட்டது. போட்டியை நடத்திய துருவான் குடும்பமே 1987இல் இங்கே வந்து நிலம் வாங்கியது.

அக்டோபர் 25

பிழிந்தாயிற்று. தானாக வடிந்ததும் பிழிந்ததும் தனித்தனி. ருசி பார்த்த பிறகு சேர்த்தோம். 228 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்கள் ஏழு, அவற்றில் இரண்டு புதியவை. மீதி 60 லிட்டர் எஃகுக் குடத்தில். பீப்பாய் மரம் வழியாக ஆவியாகிக் குறைவதை அதிலிருந்துதான் நிரப்ப வேண்டும்.

நவம்பர் 9

எழுதக் கூசுகிறது. குடத்தில் குழாயை மாட்டினேன், கவ்வியைச் சரியாக முடுக்கவில்லை. போன் வந்தது, வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தால் 40 லிட்டர் தரையில். சிமெண்ட் சாய்வில் அழகாக ஓடி வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து அடுக்கில் வேறு தோட்டத்துப் பீப்பாய்கள். "அதிலிருந்து ஊற்றிக்கொள்ளலாமே? லேபிளில் தோட்டத்தின் பெயர் போட 95 சதவீதம் இருந்தால் போதும். 1,600 லிட்டரில் 40 என்றால் இரண்டரை சதவீதம்தான்" என்றேன் முதலாளியம்மாவிடம். வழியில்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. "சட்டத்துக்குச் சரி. ருசி பார்க்கும்போது எனக்குத் தெரியுமே" என்றார். ஒரு பீப்பாயைக் காலி செய்து, அதிலிருந்ததைச் சிறு குடங்களில் நிரப்பச் சொன்னார். குறைவதை இனி அதிலிருந்து ஈடுகட்ட வேண்டும். கவ்விகளை இரண்டு முறை முடுக்கினேன்.

ஆகஸ்ட் 22, 2023

பாட்டிலில் அடைத்து முடித்தோம். மாலிக் அமிலத்தின் பச்சைக்காய்ப் புளிப்பு வசந்தத்திலேயே அடங்கிவிட்டது. இப்போது செர்ரி, ஈரமண், காம்பு கொடுத்த லேசான மிளகுக் காரம். நிறம் மட்டும் இன்னும் கண்ணாடி வழியே விரல் தெரிகிற சிவப்புதான். மொத்தம் 168 பெட்டி.

கணக்கு நோட்டில் முதலாளியம்மா கையெழுத்தில் ஒரு வரி: "தரை குடித்தது: 53 பாட்டில்."