அப்படியே வந்து பால் காய்ச்சலாம் என்றார் புரோக்கர்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். நாங்கள் வாங்கிய வீடு சென்னை தண்டையார்பேட்டையில் முதல் மாடி, ஒரு படுக்கையறை, லிஃப்ட் கிடையாது, பத்திரத்தில் 480 சதுர அடி. விலை 26 லட்சத்து 50 ஆயிரம். 2024 ஆகஸ்ட் கடைசியில் பதிவு முடிந்தது. நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன், கைக்கு வருவது 41 ஆயிரம். வீட்டில் நானும் அம்மாவும்தான். சீட்டு எடுத்த பணம், பி.எஃப்.இல் வாங்கிய முன்பணம், அப்பா போனபோது வந்து வங்கியிலேயே கிடந்த தொகை எல்லாம் சேர்த்துக் கையில் ஒன்பது லட்சம் சொச்சம்.

அதுவரை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், தரைத்தளம், வாடகை ஒன்பதாயிரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள். நான் ரேஷன் கார்டையும் பேன் கார்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு மாடிவீட்டுக்காரர்கள் தயவில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வடிந்த அன்று அம்மா கட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னது, "கடனோ உடனோ, இனிமே தரையில குடியிருக்க மாட்டேன்." அங்கே ஆரம்பித்தது.

ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் வீடு பார்ப்பதுதான் வேலை. வேலை பாக்கி இருக்கும் வீடு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட என் சம்பளம் தாங்காது. அதனால் பழைய வீடாக இருந்தாலும் பரவாயில்லை, சாவி வாங்கியதும் குடிபோக வேண்டும். இதைச் சொன்னால் போதும், எல்லாப் புரோக்கரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "ரெடி டு ஆக்குபை சிஸ்டர்."

வியாசர்பாடியில் பார்த்த முதல் வீட்டை 14 லட்சம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விசாரித்தால் அது குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீடு, ஒதுக்கீடு பெற்றவருக்கே இன்னும் வாரியம் கிரயப் பத்திரம் கொடுக்கவில்லை, நமக்குப் பவர் பத்திரம் போட்டுத் தருவார்களாம். கிரயப் பத்திரமே இல்லாதவர் நமக்கு எதை விற்க முடியும்? வங்கியும் அதற்குக் கடன் தராது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒன்று, மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடை, டைல்ஸ் எல்லாம் பளபள. அந்தப் பக்கம் கோயில் நிலம் நிறைய உண்டு என்று அலுவலகத்தில் ஒருவர் எச்சரித்திருந்ததால் நேராகவே கேட்டேன், "அடிமனை யாருது?" பதிலுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். கட்டடம் நம்முடையது, நிலம் கோயிலுடையது, வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நாம் விற்கப் போனால் பதிவாகாது.

கொடுங்கையூரில் ஒரு வீடு அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பகலில் காற்று கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தனியாகப் போய் நின்றேன், காற்று மாறியிருந்தது, குப்பைக் கிடங்கு புகையும் நாற்றமும் ஜன்னல் வழியாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கொருக்குப்பேட்டையில் இன்னொன்று, வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். சரக்கு ரயில் ஒன்று போய், எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்து, கேட் திறப்பதற்குள் நான் ஒரு முழு டீ குடித்துவிட்டேன். அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றால் இந்தக் கேட்டில் நிற்பதா என்று தோன்றியது, விட்டுவிட்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள், சரி.

இப்போது இருக்கும் வீட்டைப் பார்த்தது பிப்ரவரியில். 1998இல் கட்டிய ஆறு வீட்டுக் கட்டடம். விற்பவர் வெள்ளையடித்து, புது சிங்க் வைத்து, மின்விசிறி கூட மாட்டி வைத்திருந்தார். "அப்படியே வந்து பால் காய்ச்சலாம் சிஸ்டர், ஒரு ஆணி அடிக்கிற வேலை இல்ல" என்றார் புரோக்கர். அவர் சொன்னது பொய்யில்லை. இன்று வரை அந்தச் சுவரில் நாங்கள் அடித்தது காலண்டருக்கான ஆணி மட்டும்தான்.

அம்மா சுவரைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே போய் அடிபம்பை அடித்து, ஒரு கை தண்ணீர் வாயில் ஊற்றிப் பார்த்து, அது குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ வாட்டர், நல்ல தண்ணீர் என்று தலையாட்டினார். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்து, பையிலிருந்து ஒரு துண்டு சோப்பை எடுத்துக் கையில் தேய்த்தார். நுரை வரவில்லை. போர் தண்ணீர் உப்பு. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் வேறென்ன வரும். "குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் கீழேருந்து தூக்கணும், ஒரு மாடிதானே" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, மிக்ஜாமில் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேட்டார். வாசல் இரண்டாவது படிவரை. மோட்டார் அறையின் சுவரில் அந்தக் கோடு அப்படியே இருந்தது, அங்கே மட்டும் வெள்ளையடிக்க மறந்திருந்தார்கள்.

நான் டேப் கொண்டு போயிருந்தேன். உள்ளே காலால் மிதிக்கக்கூடிய இடம் 370 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். மீதி நூற்றுச் சொச்சம், சுவரும் படிக்கட்டும் மொட்டை மாடியில் நம் பங்கும். யூடிஎஸ், அதாவது நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பாகம், 230 சதுர அடி. பழைய கட்டடத்தில் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கட்டடத்துக்கு ஏற்கெனவே 26 வயது, நாளைக்கு இடித்துக் கட்டினால் நம் கையில் மிஞ்சுவது அந்த 230 அடிதான்.

28 லட்சம் என்று ஆரம்பித்து 26.5க்கு வந்தது. புரோக்கருக்கு ஒரு சதவீதம். அங்கேதான் வக்கீல் நுழைந்தார். அவருக்குக் கொடுத்த 12 ஆயிரம்தான் இந்த மொத்த விவகாரத்தில் நான் வயிற்றெரிச்சல் இல்லாமல் கொடுத்த காசு.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே நான் எடுத்து வைத்திருந்தேன், 30 வருடத்துக்கு. கொலை வழக்கு ஏதும் இல்லையே என்ற மாதிரி நான் மேலோட்டமாகப் பார்த்ததை அவர் வரி வரியாகப் படித்தார். 2011இல் வீட்டுக்காரர் பத்திரத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியது பதிவாகியிருந்தது. கடன் அடைந்துவிட்டது, அடைந்ததற்கான கடிதம் கூட இருந்தது. ஆனால் அடைத்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை. காகிதத்தின் கணக்குப்படி வீடு இன்னும் அடமானத்தில் இருக்கிறது. அந்த வங்கிக் கிளையோ வேறு கிளையோடு சேர்ந்துவிட்டது. அதைத் தேடிப் பிடித்து, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைப்பதற்குள் ஏழு வாரம். அலைந்தது விற்பவர்தான், ஆனால் தினமும் போன் பண்ணி அலையவைத்தது நான்.

இரண்டாவது சிக்கல் வில்லங்கச் சான்றில் வரவே வராது. வீடு, விற்பவருடைய இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. உயில் இல்லை. நம்மிடம் பேசிக்கொண்டிருந்தவர் மூத்த மகன். வாரிசுச் சான்றிதழில் பார்த்தால் அவர் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு, அது வராது" என்றார் மூத்தவர். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாலு பேருக்கும் சம பங்கு. கல்யாணச் செலவு கணக்குலாம் பத்திரத்துல ஏறாது. அந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாம நீங்க வாங்கினா, முக்கால் வீடு வாங்கி கால் வீட்டு வழக்கையும் சேர்த்து வாங்கறீங்க."

அந்தத் தங்கை வேலூரில் இருந்தார், அண்ணனோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. நான் போன் செய்தபோது எடுத்தார், யார் என்று சொன்னதும் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அம்மா பேசினார். என்ன பேசினாரோ, முக்கால் மணி நேரம், நடுவில் அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. கடைசியில் அம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது: "உங்கப்பா சம்பாத்தியத்துல உனக்குப் பங்கு இல்லேன்னு யாரும்மா சொன்னது? நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் அந்த வீடு நகரும், வக்கீலே சொல்லிட்டார்." அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தன் பங்கு தன் பெயரில் தனி டிடியாக வர வேண்டும், அண்ணன் கை பட்டு வரக்கூடாது. நியாயம்தானே.

அதற்கப்புறம்தான் ஒப்பந்தமே போட்டோம். முன்பணம் ஒரு லட்சம், காசோலையாக. பத்திரக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் வக்கீல், சேர்த்தோம்.

கடன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 30 லட்சம் வரையுள்ள கடன்களுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை நம்பித்தான் நான் துள்ளிக்கொண்டிருந்தேன், "வரை" என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. முதல் வங்கி, கட்டடத்துக்கு 25 வயது தாண்டிவிட்டது என்று கையை விரித்தது. இரண்டாவது வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து 25 லட்சம்தான் பெறும் என்று எழுதினார், அதில் 80 சதவீதம், 20 லட்சம் கடன். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம், மாதம் 17 ஆயிரத்து 356. ஆக வீட்டு விலையிலேயே ஆறரை லட்சம் கையிலிருந்து போக வேண்டும். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 2 லட்சத்து 38 ஆயிரத்து 500. இதற்குக் கடன் கிடையாது. அப்புறம் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்ய கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத்தாள், அதற்கு வேறு பதிவுக் கட்டணம், வங்கியின் செயலாக்கக் கட்டணம், புரோக்கர், வக்கீல். கையிருப்பு தாண்டிவிட்டது. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது, அது இன்னும் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து மூத்தவர் ஒரு யோசனை சொன்னார். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் எனக்கு முத்திரைத்தாள் செலவு மிச்சமாம். ஒரு ராத்திரி முழுக்க நான் சபலப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் பத்திர விலை குறைந்தால் வங்கிக் கடனும் குறையும், அந்த ரொக்கத்துக்கு நான் எங்கே போவேன்? அதோடு சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வாங்கியவர் தலையில் விழும் என்று வக்கீல் அவரிடமே எடுத்துச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

ஜூலையில் கடன் தயார். ஆனால் ஆடி பிறந்துவிட்டது, அம்மா அசையவில்லை. ஆவணி பிறந்த பிறகுதான் பதிவுக்கு டோக்கன் போட்டோம். இதில் ஒரு கொடுமை, மத்திய அரசின் பழைய வட்டி மானியம் 2022இலேயே முடிந்துபோயிருந்தது, புதிய திட்டம் 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதியாகி வழங்கப்படும் கடன்களுக்குத்தான். 35 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு, ஐந்து தவணையில் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை கிடைக்கும். எனக்கு எல்லாம் ஒரு மாதம் முந்திவிட்டது. நீங்கள் இப்போது வாங்கப் போகிறீர்கள் என்றால் வங்கியில் முதலில் இதைக் கேளுங்கள்.

பதிவு அன்று நான்கு பேரும் வந்தார்கள். அண்ணன் ஒரு பெஞ்சில், தங்கை எதிர்ப் பெஞ்சில், நடுவில் அவர்கள் அம்மா. அந்தப் பாட்டிக்குக் கைரேகை விழவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோன விரல். கருவியைத் துடைத்து, விரலைத் துடைத்து, இடது கை, வலது கை, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஏழெட்டு தடவை. கடைசியில் தங்கைதான் எழுந்து வந்து, தன் புடவைத் தலைப்பை ஈரம் பண்ணி, பாட்டியின் கட்டைவிரலை நன்றாகத் தேய்த்துக் கருவியில் வைத்து அழுத்தினார். விழுந்தது. நான்கு டிடி கைமாறியது, சாவி என் கைக்கு வந்தது, மூத்தவர் தங்கையைப் பார்த்து "சாப்பிட்டுப் போ" என்றார். அவர் போனாரா என்று தெரியாது, நாங்கள் ஆட்டோ பிடிக்க ஓடினோம்.

அந்த வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சினோம், அடிபம்புத் தண்ணீரில் கழுவிய பாத்திரத்தில். சொத்து வரி என் பெயருக்கு மாறிவிட்டது. தண்ணீர் வரியும் மாறிவிட்டது. மின் இணைப்பு மட்டும் இன்னும் இறந்துபோன அந்தப் பெரியவர் பெயரில்தான் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில் வரும்போதெல்லாம் "பாவம், போயும் மனுஷன் கரண்ட் பில் கட்டறார்" என்கிறார் அம்மா. சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், பத்திர நகலோடு போய் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.