விரதம் என்று சொன்ன மாணவி

திருச்சியிலிருந்து மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிற்குக் குடிவந்தபோது, ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்ட பிறகும் இவ்வூர்த் தமிழர்கள் தோட்டத்து உபசரிப்பை விடாமல் வைத்திருப்பதைக் கண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள், அதே மூச்சில் "உடம்பு போட்டுட்டீங்களே" என்றும் சொல்வார்கள். இரண்டும் அன்பில் வருவனதான்.

எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த பல்கலைக்கழக மாணவிக்கு அந்த இரண்டாவது பேச்சு முள்ளாய்த் தைத்தது. அவள் செவ்வாய், வெள்ளி என்று விரதங்களை அடுக்கிக்கொண்டே போக, ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய பக்கத்து வீட்டுப் பாட்டி அவள் பக்தியை மெச்சினார். விரதமில்லாத இரவுகளிலோ நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களும் பிஸ்கட்டுகளும் ஒரே மூச்சில் காலியாகும். அதன்பின் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருக்கும். அவளுடைய வலக்கை விரல் முட்டிகள் காய்த்துப் போயிருந்தன. வாந்தி வரவழைக்க விரலைத் தொண்டைக்குள் விடும்போது மேல்பற்கள் உரசி ஏற்படும் தழும்பு அது.

புலிமியா நெர்வோசா என்று பிரிட்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979-இல் பெயரிட்டு விவரித்த நோய் இது. எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் ஓயாத வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறலாம், பல்லின் எனாமலும் கரையும். வீட்டில் முதல் பட்டதாரியாக வேண்டும் என்ற பாரம், தேர்வு பயம், தனிமை ஆகியவை இதை முற்றச் செய்யக்கூடும். இதைத் திமிர் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அவளே சம்மதித்த பிறகு அரசாங்க கிளினிக்கிற்கு உடன் போனேன். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சிகிச்சை என்றால் மாத்திரை மட்டும் என்று நினைத்திருந்தவளுக்கு, வேளை தவறாமல் சாப்பிடுவதும், தின்றதையும் அப்போது மனத்தில் ஓடியதையும் எழுதி வைப்பதும்தான் முதல் பாடமாக இருந்தது. பட்டினி நீண்டால் அடுத்த பெருந்தீனிக்கு அதுவே வழி என்பதால் விரதங்களை நிறுத்தச் சொன்னார்கள். வீட்டில் வாய் திறக்க முடியாத மாணவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் அங்குதான் அறிந்தோம்.

பாட்டியிடம் விரதத்தை விட்டதைச் சொல்லத்தான் அவளுக்கு நடுக்கம். அவரோ, "முருகன் உன் வயித்தையா காணிக்கை கேட்டாரு?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.