பராட்டா மாவும் கலம் ரெண்டாகிறதும்

போன கிழமை வகுப்பு முடிஞ்சு வரக்குள்ள கல்லடிப் பாலத்துக்கு இங்கால இரிக்கிற ஒரு கடையில கொத்துக்குச் சொல்லிப்போட்டு நிண்டன். அண்டைக்குப் பின்னேரம் முழுக்க ஏ.எல் பிள்ளைகளுக்கு இழையுருப்பிரிவுதான், அதாவது ஒரு கலம் ரெண்டாப் பிரியிற விதம், முன்னவத்தை அனுவவத்தை மேன்முகவவத்தை ஈற்றவத்தை எண்டு நாலு கட்டத்தையும் போர்ட்டில கீறி, பரம்பரைச் சேதியைக் காவுற நிறமூர்த்தம் எங்க நிக்கும் எங்க போகும் எண்டெல்லாம் விபரமாச் சொல்லிப்போட்டு, கடைசியில "பிளவுச்சால் உருவாகி கலம் இரண்டாகும்" எண்டு ஒரே வசனத்தில முடிச்சிட்டன். பிளவுச்சால் எண்டது கலத்துட நடுவில சுத்திவர விழுற பள்ளம். பின் வாங்கில இருந்த ஒரு புள்ள எழும்பி "சேர், எது அதப் பிடிச்சு வெட்டுது?" எண்டு கேட்டுது. அக்டின், மயோசின் எண்ட ரெண்டு புரதத்தால ஆன வளையம் சுருங்கும் எண்டன். ஓம் சேர் எண்டு இருந்திட்டுது, ஆனா முகத்தைப் பார்க்கவே தெரிஞ்சுது அதுக்கு விளங்கல்ல எண்டு.

அந்தக் கேள்வியோடதான் கடையில நிண்டன். பராட்டா போடுற நானா பெரிய மா உருண்டையொண்டை இடக்கையில எடுத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாப் பிடிச்சு, மற்ற விரலால மாவை மேல தள்ளினார். வளையத்துக்கு மேல மா குண்டா வந்துது, அப்பிடியே விரலை இறுக்க நடுவில கழுத்து மாதிரி ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில ஒரு சின்ன வால் இழுபட்டு, அதுவும் அறுந்து எண்ணெய் பூசின தட்டில டொப்பெண்டு விழுந்துது. பத்துப் பதினைஞ்சு உருண்டை போட்டிருப்பார், நான் கண்ணெடுக்காமப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

விலங்குக் கலம் பிரியிறதும் கிட்டத்தட்ட இப்பிடித்தான், ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இரிக்கு. நானாட விரல் மாவுக்கு வெளியில இருந்து நெரிக்குது. கலத்துட வளையம் உள்ளுக்க, கலத்தை மூடியிரிக்கிற மென்சவ்வுக்கு நேர அடியில, சவ்வோட ஒட்டிக்கொண்டு கிடக்கு. அக்டின் இழைகள் நடுப்பகுதியைச் சுத்தி நிக்கும், மயோசின் கலத்துட சக்தி மூலக்கூறான ஏ.ரி.பியைச் செலவழிச்சு அந்த இழைகளை ஒண்டுக்குமேல ஒண்டு வழுக்கி இழுக்கும், எங்கட கைத்தசை சுருங்கிறதும் இந்த ரெண்டு புரதக் குடும்பத்தாலதான். வளையம் சிறுக்க அதோட ஒட்டின சவ்வும் உள்ளுக்க இழுபடும், வெளியில இருந்து பார்க்கிற எங்களுக்கு அது சால் விழுற மாதிரித் தெரியும்.

மயோசின்தான் இழுக்குது எண்டு ஜப்பானில மபுச்சியும் ஒக்குனோவும் 1977ல காட்டினாங்க. நட்சத்திர மீன் முளையக் கலத்துக்குள்ள மயோசினோட ஒட்டி அதை மடக்குற பிறபொருளெதிரி எண்ட புரதத்தை ஊசியால ஏத்தினாங்க, சால் விழவேயில்ல, ஆனா கரு மட்டும் தன்ட பாட்டில பிரிஞ்சுகொண்டே போச்சு. அப்ப நிறமூர்த்தத்தைப் பிரிக்கிற பொறி வேற, கலத்தை நறுக்குற பொறி வேற. பரீட்சையில நாலு அவத்தையையும் பாடமா எழுதுற பிள்ளைக்கு இந்த இடம் பிடிபடாமலே போகுது, அது எனக்குச் சரியான கவலை.

இன்னொண்டையும் சொல்லோணும். சாக்கு வாயைக் கயித்தால சுருக்கினா சுருங்கச் சுருங்கக் கயிறு குமிஞ்சு மொத்தமாகும் இல்லயா. கலத்துட வளையம் அப்பிடி மொத்தமாகிறதில்ல. உடம்பு முழுக்க முள்ளிரிக்கிற கடல் முள்ளெலி எண்ட பிராணிட முட்டையில அது 0.2 மைக்குரோன் (ஒரு மைக்குரோன் மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்கு) அளவு தடிப்புத்தான், முட்டையோ கிட்டத்தட்ட 100 மைக்குரோன். சால் உள்ளுக்க போகப்போக அந்தத் தடிப்பு பெரிசாக் கூடாது, ஏனெண்டா இழுத்துக்கொண்டே தன்ட இழைகளைத் தானே கழட்டிக்கொண்டும் போகுது.

சரி, எங்க இறுக்கோணும் எண்டு வளையத்துக்கு ஆர் சொல்லுறது? நானாக்குக் கண் இரிக்கு, கைப்பழக்கம் இரிக்கு. கலத்துக்கு? இதுக்கு ரேமண்ட் ரப்பபோர்ட் எண்ட அமெரிக்கர் 1961ல செய்த சோதனையை எத்தனை தரம் வாசிச்சாலும் எனக்கு ஆச்சரியம் அடங்காது. மணல் டொலர் எண்டு ஒரு பிராணி, கடல் முள்ளெலிக்குச் சொந்தம், தட்டையா இரிக்கும். அதுட முட்டையை எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குண்டால நடுவில அமத்தி ஓட்டை விழச் செய்தார், முட்டை அப்பிடியே உழுந்து வடை மாதிரி ஆகிட்டு. முதல் பிரிவில வடையில ஒரு பக்கம் மட்டும் அறுந்துது, அப்ப கிடைச்சது குதிரை லாடம் மாதிரி ஒரே கலம், ஆனா உள்ளுக்க ரெண்டு கரு. மறுகா ரெண்டு கருவும் தங்கட தங்கட கதிர் அமைப்பைக் கட்டிச்சு (கதிர் எண்டது நிறமூர்த்தத்தை ரெண்டு பக்கமா இழுக்கிற, நுண்புன்குழாய் எண்ட மெல்லிய புரதக் குழாய்களால ஆன கட்டு), ஒவ்வொரு கதிருக்கும் நடுவில ஒவ்வொரு சால் விழுந்துது, அது எதிர்பார்த்ததுதான். ஆனா மூண்டாவதா இன்னொரு சாலும் விழுந்துது, லாடத்துட வளைவில, நிறமூர்த்தமும் இல்லாத கதிரும் இல்லாத இடத்தில! அங்க இருந்தது பக்கத்துக் கதிர் ரெண்டுட முனையில இருந்து நுண்புன்குழாய் நட்சத்திரம் மாதிரி விரியிற ரெண்டு கூட்டம் மட்டும்தான். அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில சவ்வுக்குச் சேதி போயிருக்கு, இஞ்ச வெட்டு எண்டு. ஒரு கண்ணாடிக் குண்டை வச்சு ஒரு மனிசன் இதைக் கண்டுபிடிச்சிரிக்கார் எண்டு நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறியுது. பிறகுதான் அந்தச் சேதியில ரோ ஏ எண்ட புரதம் முக்கியம் எண்டு தெரிஞ்சுது, நடுப்பகுதிச் சவ்வில அது முழிச்சா அக்டினும் கட்டப்படும் மயோசினும் வேலையைத் தொடங்கும். வழமையான கலத்தில கதிருட நடுப்பகுதியும் சேதி அனுப்புது, ரெண்டு வழியும் சேர்ந்துதான் இடம் குறிபடுது.

தாவரக் கலத்தில இந்த இறுக்கிற கதையே இல்ல, சுவர் இரிக்கிறதால நடுவில கலத்தட்டு எண்ட புதுத் தடுப்பு உருவாகி வெளிப்பக்கமா வளரும்.

திரும்ப மாவுக்கு வாறன், அந்தக் கடைசி வால். வளையம் தன்ட வேலையை முடிச்சாலும் கலம் ரெண்டும் உடன பிரியாது, நடுவில ஒரு மைக்குரோன் அளவில ஒரு மெல்லிய பாலம் நிக்கும், உள்ளுக்க நுண்புன்குழாய்க் கட்டு நெருக்கமா அடுக்குப்பட்டு. அதை ஒரு மணித்தியாலத்துக்கு மேல கூட வச்சுக்கொண்டு இரிக்கும் சில கலம். அதை அறுக்கிறது வேற ஒரு புரதக் கூட்டம், எஸ்கோர்ட் எண்டு பேர், சவ்வை உள்பக்கமா இருந்து சுருளாச் சுத்திக் கிள்ளி விடும். எச்.ஐ.வி வைரசு எங்கட கலத்தில இருந்து மொட்டு விட்டுப் பிரிஞ்சு வெளியேற திருடிப் பாவிக்கிறதும் இதே கூட்டத்தைத்தான். இந்தக் கூட்டம் கலப் பாலத்தையும் அறுக்குது எண்டு 2007ல தெரியவந்துது.

இந்தக் கிழமை வகுப்புக்கு ஒரு கிண்ணம் பிசைஞ்ச மா கொண்டு போறன். அந்தப் புள்ளையை முன்னுக்கு வரச்சொல்லி அதுட கையாலயே இறுக்க வைக்கப்போறன், பிறகு போர்ட்டில ரெண்டு வட்டத்தைத் தனித்தனியாக் கீறாம நடுவில ஒரு மெல்லிய பாலத்தையும் சேர்த்துக் கீறுவன்.